சம்பந்தி வீட்டு வாசலில் ஸ்டீரிங் கழற்றிய கதை

எனக்குத் தெரியாத வேலை என்று ஒன்றுமே கிடையாது. தெரியாமல் செய்த வேலை என்று வேண்டுமானால் ஒன்றிரண்டைச் சொல்லலாம். அதில் முதல் இடம், எங்கள் காருக்கு நானே வீட்டில் வைத்து ஸ்டீரிங் மாற்றியதற்கு. (இரண்டாவது இடம் குக்கருக்கு. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. சமையலறைக் கூரையைப் பார்த்தாலே போதும்.)

எங்களுடையது பாகூர் பக்கம் கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். நான் மருமகளாக வந்தபோது அந்த வீட்டில் எது ரிப்பேர் ஆனாலும் ஒரு நடைமுறை இருந்தது. முதலில் என் மாமனார் அந்தப் பொருளைத் திட்டுவார். பிறகு என் வீட்டுக்காரர் அதைத் தட்டிப் பார்ப்பார். அப்புறம் அதை ஒரு மூலையில் வைத்து, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடிவிடுவார்கள். நான் வந்த பிறகுதான் மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, டேபிள் ஃபேன் எல்லாம் சாக்குக்கு அடியிலிருந்து உயிரோடு வெளியே வந்தன. மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் மக்கர் பண்ணினால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. பொய் சொல்வானேன், நிறையவே ஏறியிருந்தது.

காரை ஓட்டுகிறதும் நான்தான். என் வீட்டுக்காரர் டிராக்டரைச் சேற்றில் இறக்கி விளையாடுவார். காரில் உட்கார்ந்தால் மட்டும் எதிரே வருகிற ஆட்டுக்குட்டிக்கு வழிவிட்டு ஓரமாக நின்றுவிடுவார். கார் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வெயிலில் நின்று நின்று அதன் ஸ்டீரிங் உரிந்து, பிசுபிசுவென்று ஆகிவிட்டிருந்தது. கொஞ்ச தூரம் ஓட்டினாலும் உள்ளங்கை இரண்டும் கறுத்துவிடும். தார் ரோடு போட்டுவிட்டு வந்தவள் மாதிரி இறங்குவேன்.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் வசந்திக்கு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குக் கிருமாம்பாக்கம் பக்கம். பெயர் சரவணன். படிப்பை முடித்துவிட்டு அப்பாவோடு விவசாயம் பார்க்கிறான், அறுவடை மிஷின் வாடகைக்கு விடுகிறான். பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், அவர்களுக்குப் பிடித்துவிட்டது. வசந்திக்கும் பிடித்துவிட்டது. எவ்வளவு பிடித்தது என்றால், இரண்டு பேரும் ரகசியமாகப் போனில் பேசிக்கொள்கிற அளவுக்கு. அந்த விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மாமாவுக்குத்தான், அதாவது என் மாமனாருக்குத்தான், மனசு ஒப்பவில்லை. அவருக்குப் புதுச்சேரியில் கவர்மென்ட் வேலை பார்க்கிற மாப்பிள்ளை வேண்டும்.

"நாமளும் சேத்துல கெடக்குறோம், அவங்களும் சேத்துல கெடக்குறாங்க. பொண்ண இங்கேருந்து தூக்கி அங்க எறக்கறதுக்கு எதுக்குக் கல்யாணம்?" என்பார்.

இருந்தாலும் முறைக்காக மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவது என்று முடிவானது. எங்கள் பக்கம் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டில் என்ன உபசரித்தாலும், சம்மதம் என்றால் மட்டும்தான் கை நனைக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டால் வரன் முடிந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் பின்வாங்கினால் ஊர் காறித் துப்பும். மாமா முந்தின நாளே எங்கள் எல்லாரையும் உட்காரவைத்துச் சட்டம் போட்டுவிட்டார்.

"அங்க போயி யாரும் எதயும் வாயில வெக்கக் கூடாது. பச்சத் தண்ணி கூட. ஒரு வாய் எறங்கினாலும் கணக்குதான். பாத்தமா, வந்தமான்னு இருக்கணும். புரிஞ்சிச்சா?"

வசந்தி அடுப்படிக்கு ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணி, எனக்கு அவருதான். நீங்கதான் எதனா செய்யணும்."

"நான் இருக்கன்டி. உடு, பாத்துக்கறன்" என்றேன்.

அவள் எதிர்பார்த்தது, நான் மாமாவிடம் போய்ப் பேசுவேன் என்று. எனக்குத் தோன்றியது வேறு. போகிற இடத்தில், தாரில் முக்கியெடுத்த மாதிரியான கையோடு இறங்கி மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வணக்கம் சொன்னால், நம் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள்? வசந்தியின் வாழ்க்கைக்கு முதல் தடை இந்த ஸ்டீரிங்தான் என்று எனக்குப் பட்டது. (இப்போது நினைத்தால் எப்படிப் பட்டது என்று எனக்கே விளங்கவில்லை. ஆனால் பட்டது.)

புதுச்சேரியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் எங்கள் வண்டிக்குப் பொருந்துகிற புது ஸ்டீரிங் ஒன்றை ஏற்கெனவே வாங்கிவைத்திருந்தேன். "மெக்கானிக்க வெச்சி மாட்டிக்கோங்கம்மா" என்று கடைக்காரர் சொன்னார். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து, போனில் யாரோ ஒருவர் இந்தியில் விளக்கிய வீடியோவை மூன்று முறை பார்த்தேன். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் கை போகிற போக்கைப் பார்த்தாலே வேலை புரிந்துவிடாதா?

அந்த ஆள் ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்ப முகத்தைப் பயங்கரமாக வைத்துக்கொண்டு சொன்னார்: ஏர்பேக். அது ஸ்டீரிங்குக்குள் மடித்துவைத்த பை. அஜாக்கிரதையாகக் கைவைத்தால் வெடித்து முகத்தில் அறைந்துவிடும். அதனால் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் சமரசமே பண்ண மாட்டேன். வீடு பார்க்கப் போகிற அன்றைக்குக் காலையில் எழுந்ததும் பேட்டரியைக் கழற்றினேன். என் வீட்டுக்காரரின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். நெஞ்சுக்கு ஒரு தலையணையை வைத்துப் பழைய சேலையால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். வீட்டில் இருந்தவர்களை எல்லாம் மாட்டுக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னேன். போனார்கள். மாட்டையும் அவிழ்த்துத் தள்ளிக் கட்டச் சொன்னேன். கட்டினார்கள். அந்த அளவுக்கு அந்த வீட்டில் எனக்கு மரியாதை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நடுவில் இருந்த மூடியை நெம்பினேன். 'டப்' என்று கழன்று மடியில் விழுந்தது. உள்ளே பையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒரு ஹாரன் ஒயரும் ஒரு நட்டும்தான்.

கொட்டகைப் பக்கமிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "ஏய், நம்ம வண்டில ஏர்பேக்கே கெடையாது. விக்கிறப்பவே அந்தாளு சொன்னாரு."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"நீ கேக்கலியே."

ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கழற்றினால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

அடுத்த வேலைதான் முக்கியமானது. ஸ்டீரிங்குக்கு நடுவில் ஒரு இரும்புத் தண்டு இருக்கிறது. அதைச் சுற்றிப் பல் பல்லாக வெட்டியிருக்கும். பழையது எந்தப் பல்லில் உட்கார்ந்திருந்ததோ அதே பல்லில்தான் புதியதும் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் நேராக இருக்கும், ஸ்டீரிங் கோணலாக நிற்கும். அதற்காகக் கழற்றும்முன் தண்டில் ஒரு அடையாளம் வைக்க வேண்டும். வீடியோவில் வெள்ளைப் பெயின்ட் வைத்தார்கள். எனக்கு அவசரத்துக்கு அகப்பட்டது குங்குமம். தண்டின் உச்சியில் கச்சிதமாக ஒரு பொட்டு வைத்தேன். நட்டை முழுசாகக் கழற்றாமல் நுனியில் விட்டுவைத்து, ஸ்டீரிங்கை அசைத்து அசைத்து இழுத்தேன். முழுசாகக் கழற்றிவிட்டு இழுத்தால் ஸ்டீரிங் வந்து மூக்கை உடைத்துவிடும். (இதைக் கேட்ட பிறகு ஒரு மெக்கானிக்கே என்னை மதிப்போடு பார்த்தார்.) பழைய ஸ்டீரிங் கையோடு வந்தது. புதியதை எடுத்துவர உள்ளே போனேன்.

திரும்பி வந்தால், காருக்குள் அத்தை. என் மாமியார். கையில் குங்குமச் சிமிழும் சந்தனக் கிண்ணமும்.

"இன்னா அத்த பண்றீங்க?"

"ஒத்தப் பொட்டு வெச்சிட்டுப் போயிட்டியேம்மா. இரும்புக்கு ஒத்தப் பொட்டு ஆவாது. நல்ல காரியத்துக்குப் போற வண்டி. அதான் சுத்தி வெச்சிட்டன்."

எட்டிப் பார்த்தேன். அந்தத் தண்டைச் சுற்றி ஒரு பல் விடாமல் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. என் அடையாளம் எங்கே என்று அந்த அம்மனுக்குத்தான் வெளிச்சம். "எந்தப் பொட்டு என்னோடது?" என்று கேட்டேன். "எல்லாம் நம்மளுதுதாம்மா" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். அந்த முகத்தைப் பார்த்துக் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை.

அதற்குள் மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, நல்ல நேரம் முடிவதற்குள் ஊர் எல்லையைத் தாண்ட வேண்டும் என்று குதித்தார். ஒரு உத்தேசத்தில் ஸ்டீரிங்கை உட்காரவைத்து, நட்டை நன்றாக இறுக்கினேன். ஹாரன் ஒயரை இருந்த சந்தில் சொருகி மூடியை அழுத்தினேன். பேட்டரியைத் திருப்பி மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது. முன்னால் மாமா, பின்னால் அத்தையும் என் வீட்டுக்காரரும். வசந்தி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜெயித்த முகத்தோடு கை காட்டினேன்.

தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது. வண்டி நேராகப் போக வேண்டும் என்றால் ஸ்டீரிங்கைக் கால்வாசி வலது பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"ஏன் கோணலா புடிச்சிக்கினு இருக்க?" என்று பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் கிசுகிசுத்தார்.

"புது மாடல் அப்பிடித்தான். பேசாம வாங்க."

முதல் இடது திருப்பத்தில் இன்னொன்றும் தெரிந்தது. நான் கையே வைக்காமல் 'பாம்ம்' என்று ஹாரன் அடித்தது. நேராக்கினால் நின்றுவிட்டது. அடுத்த இடது திருப்பத்திலும் 'பாம்ம்'. வயலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வாத்துக் கூட்டம் கலைந்து வாய்க்காலில் குதித்தது. ஓட்டிக்கொண்டு போனவர் என் பரம்பரையையே விசாரித்தார்.

"ஏம்மா, யாருக்கு ஹாரன் அடிக்கிற?" என்றார் மாமா.

"திரும்பறோம்னு முன்னாடியே சொல்லிடணும் மாமா. பாதுகாப்புக்கு."

"நல்ல பழக்கம்" என்று தலையாட்டினார். கிருமாம்பாக்கம் வரை நான் நல்ல பழக்கத்தோடுதான் ஓட்டினேன்.

மாப்பிள்ளை வீட்டு வாசல் இடது பக்கம் இருந்தது. உள்ளே போக ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்தேன். ஹாரன் அடித்தது. நேராக்கினேன். அப்போதும் அடித்தது. வண்டியை நிறுத்திச் சாவியைப் பிடுங்கினேன். அப்போதும் நிற்கவில்லை. பெரிய சிமென்ட் களம், முழுக்க மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) காயவைத்திருந்தார்கள். அதன் ஓரத்தில் பட்டு வேட்டியும் பட்டுச் சேலையுமாக எங்களை வரவேற்க நின்றிருந்த அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். தெருவே திரண்டு வந்துவிட்டது. ஒரு பெரியவர் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்துக் குடத்தோடு ஓடிவந்தார். நான் இறங்கிப் போய் பானட்டைத் திறந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கிய பிறகுதான் ஊர் அடங்கியது.

மாப்பிள்ளையின் அப்பா எதுவுமே நடக்காத மாதிரி, "வாங்க, வாங்க. வழி சுலபமா இருந்துச்சா?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்கு அந்தக் குடும்பத்தைப் பிடித்துவிட்டது.

உள்ளே உட்காரவைத்தார்கள். கேசரி, வடை, காபி வந்தன. மாமா அசையவில்லை. "வேணாங்கய்யா. இப்பதான் சாப்ட்டு வந்தோம்" என்றார். (காலையில் நான் கார் வேலையில் இருந்ததால் வீட்டில் யாருக்கும் டிபனே கிடையாது. அவர் வயிறு கத்தியது எனக்குக் கேட்டது.) வீட்டைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், "சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்துவிட்டார். சரவணனின் முகம் செத்துப்போய்விட்டது. என் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. வசந்திதான். எனக்கு எடுக்கத் தைரியமில்லை.

கிளம்ப வேண்டும் என்றால் பேட்டரியை மாட்ட வேண்டும். மாட்டினால் ஹாரன். அதே ஹாரனோடு அந்த ஊரைத் தாண்ட முடியாது. "ரெண்டு நிமிஷம் மாமா, சரிபண்ணிடறன்" என்று பட்டுச் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு கார் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். இந்த முறை அவசரத்தில் நட்டை முழுசாகவே கழற்றி, வெளியே நின்ற என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். "பத்திரம். இது இல்லன்னா வண்டி கெடையாது."

அவரும் உள்ளங்கையில் வைத்துப் பத்திரமாகத்தான் பிடித்திருந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து நின்றார். "தம்பி, வெயில்ல நிக்கிறீங்க. தண்ணியாவது குடிங்க."

என் வீட்டுக்காரருக்கு அப்பாவின் சட்டம் ஞாபகம் வந்துவிட்டது. பதறிப்போய், "அய்யோ, வேணாங்கம்மா!" என்று இரண்டு கையையும் தூக்கிப் பெரிய கும்பிடாகப் போட்டார். நட்டு பறந்தது. வெயிலில் ஒரு தரம் மின்னியது. மல்லாட்டைக்குள் போய் விழுந்தது.

காரிலிருந்து குதித்து இறங்கினேன். நட்டு இல்லாத ஸ்டீரிங்கோடு ஒரு அடிகூட நகர்த்த மாட்டேன். ஓடுகிற வண்டியில் ஸ்டீரிங் கையோடு வந்துவிட்டால் என்ன ஆவது? அது நுணுக்கமான மரை உள்ள நட்டு, ஊர்க் கடையில் கிடைக்காது. என் கெட்டிக்காரத்தனத்தால் வசந்தியின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டோமே என்று அப்போதுதான் உண்மையாகவே உறைத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிரீஸ் கையால் துடைத்து, முகமும் கறுப்பாகிவிட்டது.

எல்லாரும் களத்துக்குள் இறங்கித் தேடத் தொடங்கினார்கள். அதைப் பார்த்ததும் மாமாவுக்குள் இருந்த விவசாயி விழித்துக்கொண்டார். "ஏய், காய மெறிக்காதீங்க! ஒடைஞ்சி பூடும்! உக்காந்து கையால தள்ளுங்க!" என்று கத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே முதல் ஆளாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதிரே மாப்பிள்ளையின் அப்பாவும் உட்கார்ந்தார். இரண்டு குடும்பமும் வட்டமாக உட்கார்ந்து மல்லாட்டையைக் கை கையாக அள்ளித் தள்ளினோம். சரவணன் மட்டும் உட்காரவில்லை. நட்ட கம்பம் மாதிரி ஒரே இடத்தில் நின்றுகொண்டு, "அங்க பாருங்க, அந்தப் பக்கம் பாருங்க" என்று வேலை ஏவிக்கொண்டிருந்தான். இந்தச் சோம்பேறிக்கா வசந்தி இப்படி உருகுகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காயி நல்லா தெரட்சியா கீதே. இன்னா எரு போட்டீங்க?" என்று மாமா ஆரம்பித்தார்.

"எல்லாம் பையன் வேலைங்க. ஆட்டுக் கெடை கட்டினான். தண்ணிக்குத் தெளிப்பான் போட்டான். நான் வேணாம்னுதான் சொன்னன்."

"தெளிப்பானா? நம்ம ஊர்ல ஒருத்தனும் இன்னும் போடலியே."

பேச்சு கரும்புக்குப் போனது, கூலியாள் கிடைக்காத கஷ்டத்துக்குப் போனது, ஏரித் தண்ணீருக்குப் போனது. மாமா ஒரு காயை எடுத்து ஒடித்துப் பார்த்தார். பருப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வாயில் போட்டுக்கொண்டார். தலையை ஆட்டினார். இன்னொன்றை ஒடித்தார். பசித்த மனிதர், கை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் பார்த்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், வாயைத் திறக்கவில்லை. அவர் முன்னால் தோல் குவிந்துகொண்டே வந்தது.

தண்ணீர்ச் சொம்பை இன்னும் கீழே வைக்காமல் நின்றிருந்த மாப்பிள்ளையின் அம்மாதான் திடீரென்று வீறிட்டார். "என்னங்க! அவரு சாப்ட்டுட்டாரு! நம்ம வூட்ல சாப்ட்டுட்டாரு!"

மாமா வாயில் பாதிப் பருப்போடு உறைந்துபோனார். "இது... இது சாப்பாடாங்க? காயி பதம் பாத்தங்க."

"ஒண்ணு ரெண்டுன்னா பதம். இந்தத் தோலப் பாருங்க, ஒரு மொறம் இருக்கும்."

"பச்சக் காயிங்க. வேவக் கூட வெக்கல. இதெல்லாம் கணக்குல வராது."

அப்போது அத்தை வாயைத் திறந்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து நாலு பேர் எதிரில் புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர். "நீங்கதான் சொன்னீங்க. பச்சத் தண்ணி கூடக் கணக்கு, ஒரு வாய் எறங்கினாலும் கணக்குன்னு. இப்ப இல்லன்னா எப்பிடி?"

மாமா கையிலிருந்த தோலைப் பார்த்தார். மல்லாட்டைக் குவியலைப் பார்த்தார். நின்றிருந்த சரவணனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, "சரி சம்பந்தி, அந்தத் தெளிப்பான் எங்க வாங்கினீங்க?" என்றார்.

அந்த 'சம்பந்தி'யைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகை. எல்லாரும் கை கழுவ எழுந்து உள்ளே போனார்கள். நான் மட்டும் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். சரவணன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அப்போதுதான் முதல்முறையாக வலது காலைத் தூக்கினான். செருப்புக்கு அடியில் நட்டு.

"இதுவாக்கா?"

"அடப்பாவி! எப்போலேருந்து?"

"கீழ வுழுந்தப்பலேருந்து. நீங்க கெளம்பிப் பூட்டீங்கன்னா, நான் வசந்திக்கு இன்னா பதில் சொல்றது?"

சாப்பிட்டுவிட்டு வந்து, சக்கரத்தை நேராக நிறுத்தி, ஸ்டீரிங்கைச் சரியான பல்லில் மாட்டினேன். ஹாரன் ஒயரையும் நசுங்காமல் வைத்தேன். வழியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். குறையொன்றும் இல்லை என்றார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "உள்ள ஏம்மா இவ்ளோ சந்தனம்?"

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. இன்றைக்கும் எங்கள் இரண்டு வீட்டிலும் எந்த விசேஷம் என்றாலும், இலை போடும்முன் யாராவது ஒருவர் மாமாவின் முன்னால் ஒரு கை மல்லாட்டையை வைத்து, "மொதல்ல பதம் பாருங்க" என்பார்கள். அவரும் சளைக்காமல் ஒன்றை ஒடித்து வாயில் போட்டுக்கொள்வார்.

என் கதை வேறு. சரவணனோடு சண்டை வந்தால் வசந்தி எனக்குத்தான் போன் பண்ணுவாள். "அண்ணி, எல்லாம் ஒங்களாலதான். அன்னிக்கு அந்த ஸ்டீரிங்க ஒழுங்கா மாட்டியிருந்தீங்கன்னா நான் இந்த ஆளுகிட்ட வந்து மாட்டியிருப்பனா?"

"சரிடி, இப்ப இன்னா? நான் வேணா வந்து கழட்டி வுட்டுடட்டுமா?"

"அய்யய்யோ, வேணாம் அண்ணி. நீங்க கழட்டினா திருப்பி மாட்டத் தெரியாது" என்று போனை வைத்துவிடுவாள்.